கருணை மனு எழுத உட்காருமுன்: குடியரசுத் தலைவரின் மன்னிப்பு அதிகாரம் எதுவரை செல்லும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "மேதகு குடியரசுத் தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தது. மகன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைத்தது, தகப்பன் பாதியில் விட்டுப் போனது, தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகாதது எல்லாம் அதில் இருந்தன. எந்த நீதிமன்றம் தண்டித்தது, எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு, எந்தச் சிறை, கைதி எண் என்ன என்ற விவரம் ஒன்றுகூட இல்லை. கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. அதே கடிதத்தை முன்பே ஒருமுறை டெல்லிக்கு அனுப்பியிருந்தார். பல மாதம் கழித்து, "உரிய நடவடிக்கைக்காக மாநில அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரே ஒரு வரி பதிலாக வந்திருந்தது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

அவரைப் போன்ற குடும்பத்தினருக்கும், இப்போதுதான் இந்த வேலைக்குள் வரும் இளம் வழக்கறிஞர்களுக்கும், சட்ட உதவி மையங்களில் உட்காரும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். குடியரசுத் தலைவர் மனது வைத்தால் எதுவும் நடக்கும் என்று நம் ஊரில் பொதுவாக நம்புகிறார்கள். அவருடைய அதிகாரம் பெரியதுதான். ஆனால் அதற்கு வரம்புகள் உண்டு. அந்த வரம்புகள் நமக்கு எதிரானவை என்று நினைக்காதீர்கள். சரியான மேசைக்கு மனுவைக் கொண்டுபோகவும், அந்த மேசையில் மனு தூங்கிவிட்டால் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் நமக்குப் பிடிமானம் தருவதே அவைதான்.

படி 1: தண்டனை விதிக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள்

அரசியலமைப்பின் 72ஆவது பிரிவு "குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்" என்றுதான் பேசுகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றால் கருணை மனுவுக்கு வேலையில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1974இல் அதிபர் ஃபோர்டு, எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாத நிக்சனுக்கு, அவர் செய்த அல்லது செய்திருக்கக்கூடிய குற்றங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே மன்னிப்பு கொடுத்தார். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் 72ஆவது பிரிவின் சொற்களில் அதற்கு இடமில்லை.

இங்கே இன்னொரு குழப்பமும் வரும். உடந்தையாக இருந்த ஒருவர் அப்ரூவராக மாறி உண்மையைச் சொன்னால், விசாரணையின்போதே நீதிமன்றம் அவருக்கு மன்னிப்பு வழங்கும். சொல் ஒன்றுதான், சங்கதி வேறு. அதற்கும் குடியரசுத் தலைவருக்கும் சம்பந்தம் கிடையாது.

சிவில் வழக்குகளுக்கும் இது பொருந்தாது. நஷ்டஈடு, சொத்துத் தகராறு, ஜீவனாம்சம் எதுவானாலும் அதை நீதிமன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: டெல்லியா, சென்னையா?

அந்த அம்மாவின் கடிதம் தடுமாறியது இங்கேதான். மன்னிக்கும் அதிகாரம் நாட்டில் இரண்டு பேரிடம் இருக்கிறது. 72ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம், 161ஆவது பிரிவின்படி மாநில ஆளுநரிடம்.

குடியரசுத் தலைவரின் அதிகாரம் மூன்று இடங்களுக்குச் செல்லும்: ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனை, மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயம் குறித்த சட்டத்தை மீறிய குற்றம், மரண தண்டனை விதிக்கப்பட்ட எல்லா வழக்குகளும். மாநில அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் வந்த தண்டனைக்கு ஆளுநர். மரண தண்டனையை நிறுத்திவைக்கவும் குறைக்கவும் ஆளுநராலும் முடியும். ஆகவே மரண தண்டனைக் கைதிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. சாதாரண ஆயுள் கைதிக்குப் பெரும்பாலும் ஒரே வாசல், ஆளுநர் மாளிகை.

கொலைக் குற்றம் மாநிலத்தின் பக்கம் வரும் என்பதைப் பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. தண்டனைச் சட்டத்தை நாடாளுமன்றம்தானே இயற்றியது, அப்படியானால் அதில் உள்ள குற்றமெல்லாம் மத்திய அரசின் கையில்தானே என்று ஒரு வாதம் அங்கே வைக்கப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தை யார் இயற்றினார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் குற்றம் எந்த விஷயத்தைச் சேர்ந்தது, அந்த விஷயத்தில் நிர்வாக அதிகாரம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். அதே தண்டனைச் சட்டத்தில்தான் கள்ள நோட்டுக் குற்றமும் இருக்கிறது. ஆனால் நாணயமும் நோட்டும் மத்தியப் பட்டியலில் வரும் விஷயம் என்பதால் அதில் மத்திய அரசுக்குத்தான் அதிகாரம். ஒரே புத்தகம், இரண்டு வாசல்.

அதனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை எடுத்து, தண்டித்த பிரிவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மத்தியம் அல்லது மாநிலம் என்று குறியுங்கள். இரண்டும் கலந்த வழக்குகள் உண்டு. ஒரு பிரிவில் மாநிலம் விடுவித்தாலும், மத்தியச் சட்டத்தில் வந்த இன்னொரு தண்டனை பாக்கியிருந்தால் கதவு திறக்காது.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 161ஆவது பிரிவு மாநில ஆளுநருக்கு மட்டும் உரியது. யூனியன் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை.

படி 3: என்ன கேட்கிறீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள்

"மன்னித்து விடுதலை செய்யுங்கள்" என்றே எல்லோரும் எழுதுகிறோம். சட்டம் பல படிகளை வைத்திருக்கிறது. முழு மன்னிப்பு என்றால் தண்டனையோடு குற்றத்தீர்ப்பின் சுமையும் போய்விடும். இது மிக அரிது. தண்டனை மாற்றம் என்றால் ஒரு வகைத் தண்டனைக்குப் பதில் அதைவிட லேசான வேறு வகை, உதாரணமாகத் தூக்கு ஆயுளாவது. தண்டனைக் குறைப்பு என்றால் வகை மாறாமல் காலம் மட்டும் குறையும். கர்ப்பம், கடும் நோய் போன்ற காரணங்களுக்காகக் குறைந்த தண்டனை தருவது, நிறைவேற்றத்தைத் தற்காலிகமாகத் தள்ளிவைப்பது என்று இன்னும் இரண்டும் உண்டு. எது உங்கள் நிலைமைக்குப் பொருந்துமோ அதை முதன்மையாகக் கேளுங்கள். அது முடியாவிட்டால் இதையாவது தாருங்கள் என்று அடுத்ததையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை.

இங்கே ஆயுள் தண்டனையைப் பற்றிப் பேசியாக வேண்டும். "ஆயுள் என்றால் 14 வருஷம்தானே, முடிந்துவிட்டதே, ஏன் விடவில்லை?" என்று கேட்காத குடும்பம் இல்லை. ஆயுள் என்றால் ஆயுள்தான். கடைசி மூச்சு வரை. இதை உச்ச நீதிமன்றம் 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே சொல்லிவிட்டது. 14 ஆண்டு என்ற கணக்கு வேறு இடத்திலிருந்து வந்தது. மாநில அரசு சாதாரணச் சட்டத்தின்கீழ் தண்டனையைக் குறைத்து விடுவிப்பதற்கு ஒரு கீழ்வரம்பு வைத்தார்கள். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் 14 ஆண்டாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்பது அது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475ஆவது பிரிவாக இருக்கிறது.

இந்த 14 ஆண்டுத் தடை அரசியலமைப்பு அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது. மாரு ராம் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு (ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் அமர்வு) இதைச் சொன்னது. அதாவது 72, 161 பிரிவுகளின்கீழ் 14 ஆண்டுக்கு முன்பும் விடுதலை சாத்தியம். சில வழக்குகளில் நீதிமன்றமே "25 ஆண்டு, 30 ஆண்டு வரை குறைப்பு கிடையாது" என்று தீர்ப்பில் எழுதிவிடுகிறது. அதுவும் அரசு சாதாரணச் சட்டத்தின்கீழ் செய்யும் குறைப்பைத்தான் அடைக்கும். குடியரசுத் தலைவரின் கையையும் ஆளுநரின் கையையும் அது கட்டாது என்று 2015இல் ஸ்ரீஹரன் வழக்கின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது.

ஆகவே நீங்கள் எழுதுவது சாதாரணச் சட்டத்தின்கீழ் அரசுக்கான விண்ணப்பமா, 161ஆவது பிரிவின்கீழ் ஆளுநருக்கான மனுவா, 72ஆவது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவருக்கான மனுவா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. சாதாரணச் சட்டத்தின்கீழ் போகும்போது, வழக்கு விசாரிக்கப்பட்டுத் தண்டனை வழங்கப்பட்ட மாநிலத்தின் அரசுதான் முடிவெடுக்க முடியும். பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரின் விடுதலையை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். குற்றம் நடந்தது குஜராத்தில், ஆனால் விசாரணை நடந்து தண்டனை வழங்கப்பட்டது மும்பையில். குஜராத் அரசுக்கு அதில் அதிகாரமே இல்லை.

படி 4: உண்மையில் முடிவெடுப்பது யார்?

இந்த ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. உத்தரவில் கையெழுத்து குடியரசுத் தலைவருடையது. முடிவு அமைச்சரவையுடையது. 74ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். திரும்ப அதே ஆலோசனை வந்தால் அதன்படி செய்தாக வேண்டும். ஆளுநருக்கும் மாநில அமைச்சரவைதான். மாரு ராம் வழக்கு இதையும் சொல்லிவிட்டது. அதனால் மனு உண்மையில் ஓடும் பாதை சிறைக் கண்காணிப்பாளர், உள்துறை, சட்டத்துறை, அமைச்சர் என்றுதான் இருக்கும். டெல்லி என்றால் மத்திய உள்துறை அமைச்சகம். கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கும்போது ராஷ்டிரபதி பவனை மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை என்பதை ராஜீவ் காந்தி கொலை வழக்கு அளவுக்குக் காட்டிய வழக்கு வேறு கிடையாது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1999 மே மாதம் நான்கு பேரின் மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர்களுடைய கருணை மனுக்களைத் தமிழக ஆளுநர் அந்த ஆண்டு அக்டோபரில் நிராகரித்தார். அமைச்சரவையைக் கேட்காமலே நிராகரித்திருக்கிறார் என்று சென்னை உயர் நீதிமன்றம் நவம்பரில் அந்த உத்தரவை ரத்துசெய்தது. அமைச்சரவை கூடியது. 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது, பேரறிவாளன் உள்ளிட்ட மற்ற மூவரின் மனு மறுக்கப்பட்டது. மூவரும் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். அதற்குப் பதில் வந்தது 2011 ஆகஸ்டில். பதினோரு ஆண்டுகள்! செப்டம்பர் 9 என்று தூக்கு நாளும் குறித்தாயிற்று. ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி மூவருக்கும் தண்டனையை ஆயுளாக்கியது.

கதை அதோடு முடியவில்லை. 2018 செப்டம்பர் 9 அன்று, இந்த நால்வரோடு சேர்த்து அந்த வழக்கில் ஆயுள் கைதிகளாக இருந்த ஏழு பேரையும் விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை 161ஆவது பிரிவின்கீழ் ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. கோப்பு இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்கு மேல் ராஜ்பவனில் கிடந்தது. 2021 ஜனவரி 25 அன்று ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும், அதைக் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட அரசியலமைப்பில் ஆதாரம் இல்லை, காரணமில்லாத தாமதத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம். திரும்ப ஆளுநருக்கே அனுப்பாமல், முழு நீதி வழங்கத் தனக்கு உள்ள 142ஆவது பிரிவின் தனி அதிகாரத்தைப் பயன்படுத்திப் பேரறிவாளனை அன்றே விடுவித்தது. அந்த நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள்.

வழக்கின் மற்ற விஷயங்களில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் தேதி வாரியாகக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு நடந்த நடையை இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

படி 5: எப்போது கொடுப்பது?

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே தண்டனையை நிறுத்தச் சொல்லி ஆளுநரிடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானாவதி வழக்குதான் பதில். கடற்படை அதிகாரியான அவருக்கு மும்பை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்த உடனே, உச்ச நீதிமன்ற மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைப்பதாக ஆளுநர் உத்தரவிட்டார். விஷயம் தன் முன்னே வந்துவிட்ட பிறகு, தன் விதிகளோடு மோதும் அப்படியொரு உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960இல் சொன்னது. எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகு, 1964இல் அவருக்கு ஆளுநர் மன்னிப்பு கிடைத்தது. அதிகாரம் அதேதான், நேரம்தான் வேறு. மேல்முறையீடு நடக்கும்போது ஜாமீனும் தண்டனை நிறுத்தமும் நீதிமன்றத்திடம் கேட்க வேண்டியவை.

மரண தண்டனை வழக்குகளில் இப்போது கறாரான நாள் கணக்கு வந்துவிட்டது. புதிய சன்ஹிதாவின் 472ஆவது பிரிவைப் படித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டையோ மறுஆய்வையோ தள்ளுபடி செய்ததைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதிக்குத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கருணை மனு கொடுக்க வேண்டும். கைதியும் கொடுக்கலாம், வாரிசோ உறவினரோ கொடுக்கலாம். முதலில் ஆளுநரிடம் கொடுத்து அவர் மறுத்தால், அந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். மாநில அரசின் கருத்தும் சிறைப் பதிவுகளும் கைக்கு வந்த 60 நாளுக்குள் மத்திய அரசு தன் பரிந்துரையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வந்ததும் 48 மணி நேரத்துக்குள் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தெரிவிக்க வேண்டும். குடியரசுத் தலைவர் முடிவெடுக்க மட்டும் நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. பதினோரு ஆண்டு காத்திருந்த அனுபவத்துக்குப் பிறகும் அந்த இடத்தை இப்படி விட்டிருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

ஒரே வழக்கில் பல பேர் தண்டிக்கப்பட்டிருந்தால் எல்லோருடைய மனுவையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்து நாள் தள்ளும் வழி இனி கிடையாது.

இந்த 30 நாள் என்று தொடங்கியது என்பதற்குச் சான்று, சிறையில் கைதி கையெழுத்திட்டு வாங்கும் அந்த ஒற்றைத் தாள். அதன் நகலை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: மனுவுக்குள் என்ன எழுதுவது?

கேஹர் சிங் வழக்கில், 1988 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கதவைத் திறந்துவைத்தது. குடியரசுத் தலைவர் வழக்கின் சாட்சியங்களைத் தானே மறுபடி பார்க்கலாம், நீதிமன்றம் கண்ட முடிவிலிருந்து வேறுபடலாம். அப்படிச் செய்வது தீர்ப்பைத் திருத்துவதாகாது, இரண்டும் வேறு வேறு தளம். அதனால் "குற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது, இரக்கத்தை மட்டும் கேட்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் நேரில் ஆஜராகிப் பேசும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதனால் சொல்ல வேண்டியது எல்லாம் காகிதத்தில் இருந்தாக வேண்டும்.

மத்திய உள்துறை கருணை மனுக்களில் எவற்றைப் பார்க்கிறது என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. கைதியின் வயது, பாலினம், மனநலக் குறைபாடு. சாட்சியத்தின் நம்பகத்தன்மை மீது மேல் நீதிமன்றமே சந்தேகம் தெரிவித்திருக்கிறதா. புதிய சான்று கிடைக்க வாய்ப்பிருக்கிறதா. கீழ் நீதிமன்றம் விடுதலை செய்து உயர் நீதிமன்றம் தண்டித்த வழக்கா. நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததா. கூட்டமாகச் செய்த கொலையில் இவருடைய பங்கு என்ன. விசாரணை இழுத்தடிக்கப்பட்டதா. இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் வழக்கில் "ஆம்" என்று வருவதை மட்டும் தீர்ப்பின் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

அந்த அம்மாவின் கடிதத்தை நாங்கள் மாற்றி எழுதியபோது முதல் பக்கம் முழுக்க விவரங்கள்தான்: பெயர், கைதி எண், சிறை, வழக்கு எண், பிரிவுகள், தண்டனை, உள்ளே இருந்த நாட்கள், எந்தப் பிரிவின்கீழ் யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது. மகனுக்கு 14 வயதில் தலையில் அடிபட்டுச் சிகிச்சை எடுத்த விஷயம் பழைய கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. அதை முன்னே கொண்டுவந்து, மருத்துவமனைச் சீட்டின் நகலை இணைத்தோம். தங்கையின் கல்யாணத்தையும் எடுத்துவிடவில்லை, கடைசியில் ஒரு பத்தியில் வைத்தோம். அந்தக் குடும்பத்தின் நிலைமையும் உண்மைதானே. உறையின் மேல் முகவரியை ஆளுநருக்கு மாற்றினோம்.

பொய்யை மட்டும் எழுதாதீர்கள், முன் வழக்குகளை மறைக்காதீர்கள். 1998இல் ஸ்வரண் சிங் வழக்கில் உத்தரப் பிரதேச ஆளுநரின் தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. கைதிக்கு வேறு குற்ற வழக்குகளில் தொடர்பு இருந்தது, சிறை அறிக்கை நன்றாக இல்லை, முன்பே ஒரு கருணை மனு மறுக்கப்பட்டிருந்தது. இவை எதுவும் ஆளுநர் முன் வைக்கப்படவில்லை. மோசடியாகப் பெற்ற மன்னிப்பைப் பின்னர் திரும்பப் பெறவும் முடியும்.

படி 7: முடிவு வந்த பிறகு நீதிமன்றம் போகலாமா?

472ஆவது பிரிவின் கடைசி உட்பிரிவு பயமுறுத்தும்படி எழுதப்பட்டிருக்கிறது: மேல்முறையீடு கிடையாது, முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 32, 226 பிரிவுகளின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் உள்ள நீதிப் புனராய்வு அதிகாரம், அதாவது அரசின் முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று பார்க்கும் அதிகாரம், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது. சாதாரணச் சட்டத்தால் அதைப் பறிக்க முடியாது.

ஆனால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்ற கோடு உண்டு. "கருணை காட்டியிருக்க வேண்டும்" என்று கேட்க முடியாது. "பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் முடிவெடுத்தார்கள்" என்று கேட்கலாம். எபுரு சுதாகர் வழக்கு 2006இல் இந்தக் கோட்டைப் போட்டது. மனதைச் செலுத்தாமல் எடுத்த முடிவு, தீய நோக்கம், சம்பந்தமில்லாத காரணங்கள், முக்கியமான ஆவணங்கள் மறைக்கப்பட்டது, தன்னிச்சையான போக்கு ஆகியவைதான் காரணங்கள். அந்த வழக்கில் கேள்விக்கு உள்ளானது மறுப்பு இல்லை, சலுகை. பத்தாண்டு தண்டனை பெற்ற ஒருவருக்கு ஆந்திர ஆளுநர் மீதித் தண்டனையைக் குறைத்துவிட்டார். கொல்லப்பட்டவரின் மகன் நீதிமன்றம் போனார். கோப்பை வாங்கிப் பார்த்தால், அதிகாரிகளின் அறிக்கையில் அவர் "நல்ல காங்கிரஸ் தொண்டர்" என்று எழுதியிருந்தது. உத்தரவு ரத்தானது. சாதி, மதம், கட்சி விசுவாசம் ஆகியவை இந்த முடிவுக்குள் நுழையக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் இந்த வரம்புகள் காவல் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தாமதத்தைக் கேட்க 2014 ஜனவரி 21இன் சத்ருகன் சௌஹான் தீர்ப்பு இருக்கிறது. காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் மனுவை இழுத்தடித்ததற்காகவும், சிலருக்கு மனநோயைக் கருதியும் 15 பேரின் தூக்கு ஆயுளானது. பாலாறு கண்ணிவெடி வழக்கில் தண்டிக்கப்பட்ட நால்வரும் அதில் அடக்கம். மறுபக்கம், சீக்கிரம் முடிவெடுத்துவிட்டார்கள் என்பது மட்டுமே காரணமாகாது. டெல்லி நிர்பயா வழக்கில் 2020இல் அந்த வாதம் தள்ளுபடியானது.

சௌஹான் தீர்ப்பு வேறு சிலவற்றையும் கட்டாயமாக்கியது. அவற்றை மரண தண்டனைக் கைதியின் குடும்பம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மனு மறுக்கப்பட்டதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கும் தண்டனை நிறைவேற்றத்துக்கும் இடையில் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். எல்லாக் கட்டத்திலும் இலவச சட்ட உதவி உண்டு. மனு தயாரிக்கத் தேவையான தீர்ப்பு நகல்களைச் சிறை நிர்வாகம் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். கடைசிச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

படி 8: வெளியே வந்த பிறகு

தண்டனைக் குறைப்பில் வெளியே வந்தவர் "நான் நிரபராதி ஆகிவிட்டேன்" என்று நினைக்கக் கூடாது. மீதி நாட்களைக் கழிக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். தீர்ப்பும் விதித்த தண்டனையும் பதிவில் அப்படியே இருக்கும். தேர்தலில் நிற்க விரும்பிய ஒருவர் விஷயத்தில் 1961லேயே இது முடிவாகிவிட்டது. மூன்றாண்டு தண்டனையில் குறைப்பு பெற்று முன்னதாக வெளியே வந்தாலும், தகுதியிழப்பைக் கணக்கிட நீதிமன்றம் விதித்த தண்டனைதான் அளவுகோல் என்றது உச்ச நீதிமன்றம். அரசு வேலை விண்ணப்பத்தில் தண்டனை பற்றிய கேள்வி வந்தால் மறைக்காமல் எழுதுவதுதான் பாதுகாப்பு.

விடுதலை உத்தரவில் நிபந்தனைகள் இருக்கலாம். காவல் நிலையத்தில் கையெழுத்திடுவது, பாதிக்கப்பட்டவரின் ஊருக்குள் போகாமல் இருப்பது போன்றவை. சிறை வாசலிலேயே உத்தரவை வாங்கி ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பல ஆண்டு உள்ளே இருந்துவிட்டு வெளியே வரும் அந்த நிமிஷத்தில் யாருக்கும் எதுவும் காதில் விழாது. அதனால் மறுநாள் காலையில் வீட்டில் வைத்து இன்னொரு முறையும் படித்துக் காட்டுங்கள்.